முந்திரி எந்தச் செடி? தாவரப் பெயர் அட்டவணை தொகுப்பவருக்கு

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. ஊர்ப்பக்கம் பார்க்கிற செடிகளுக்குத் தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்தி, சிங்களம், ஆங்கிலம் என்று எல்லா மொழிப் பெயர்களையும் தாவரவியல் பெயரோடு சேர்த்து அட்டவணையாகத் தொகுக்கிறீர்கள். கொஞ்ச தூரம் போனதும் சிக்கல் வந்துவிட்டது. ஒரே தமிழ்ப் பெயருக்கு எதிரே இரண்டு மூன்று தாவரவியல் பெயர்கள் வருகின்றன. ஒரே செடிக்குப் புத்தகத்துக்குப் புத்தகம் தாவரவியல் பெயர் மாறுகிறது. எதை வைத்துக்கொள்வது, எதை வெட்டுவது?

எதையும் வெட்டாதீர்கள். ஆனால் அட்டவணையின் முதல் கட்டத்தை மாற்றுங்கள். தமிழ்ப் பெயரை முதலில் போட்டு, அதற்கு நேராக மற்ற மொழிப் பெயர்களை நிரப்பிக்கொண்டு போகும்வரை இந்தக் குழப்பம் தீராது. தாவரவியல் பெயர் முதலில் வரட்டும். மற்ற ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாக அதோடு கட்டுங்கள். ஒரு மொழிப் பெயரிலிருந்து இன்னொரு மொழிப் பெயருக்கு நேராகத் தாவுவதுதான் இந்த வேலையில் நடக்கிற தவறுகளில் முக்கால்வாசிக்குக் காரணம்.

முந்திரியை எடுத்துக்கொள்வோம். சென்னையில் முந்திரி என்றால் நெய்யில் வறுத்துப் பாயசத்தில் போடுகிற பருப்பு. மரம் அனகார்டியம் ஆக்சிடென்டேல். பிரேசிலிலிருந்து போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தது. பாலக்காட்டைத் தாண்டிப் போய் முந்திரி என்று கேட்டால் கடைக்காரர் திராட்சையை நிறுத்துத் தருவார். அது வைட்டிஸ் வினிஃபெரா. நம் முந்திரிக்கு அங்கே கசுவண்டி, பறங்கியண்டி என்று பெயர். யாழ்ப்பாணத்திலும் முந்திரிகை திராட்சைதான். பருப்பைக் கஜு என்பார்கள். மரத்தைச் சொல்லும்போது மரமுந்திரிகை என்பார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் மரம் கொல்லாமரம், கொட்டை அண்டி. பழைய தமிழிலும் முந்திரிகை, கொடிமுந்திரி என்றால் திராட்சைக்கொடியே. தேவாலயத்து முந்திரிகைப் பழரசத்தில் இன்னும் அந்தப் பொருள் நிற்கிறது. தமிழ்நாட்டில் புதிதாக வந்த மரம் பெயரை வாங்கிக்கொண்டது, பழைய கொடி வடமொழிப் பெயரோடு திராட்சை ஆனது. கொட்டை பழத்துக்கு முந்திக்கொண்டு வெளியே நிற்பதால்தான் முந்திரி என்று ஒரு விளக்கம் சுற்றுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கொடிமுந்திரிக்கு அது எப்படிப் பொருந்தும் என்று கேட்டால் பதில் இல்லை.

இப்போது உங்கள் அட்டவணையில் 'முந்திரி' என்று ஒரு வரிசை போட்டு, மலையாளக் கட்டத்தில் ஒரு மலையாள அகராதியைப் பார்த்து நிரப்பினால் என்ன ஆகும்? ஒரே வரிசையில் இரண்டு செடி. ஈழத்துக் கேக் குறிப்பில் முந்திரிகை வற்றல் என்று இருப்பதைப் பார்த்து இங்கே முந்திரிப்பருப்பை உடைத்துப் போடுகிறவர்களும் உண்டு. அவர்கள் போட வேண்டியது உலர்திராட்சை. அந்தத் தவறோடு கேக்கை உண்டுவிடலாம், பாதகமில்லை. மருந்துச் செடியில் அப்படி விட முடியாது.

இதற்கு நேர்மாறான நிலை, ஒரே செடிக்குப் பல பெயர், அவ்வளவு ஆபத்தில்லாதது. நிலக்கடலை, வேர்க்கடலை, கடலைக்காய், விழுப்புரம் கடலூர்ப் பக்கத்து மல்லாட்டை, மணிலாக்கொட்டை, ஈழத்துக் கச்சான், மலையாளத்தில் கப்பலண்டி, தெலுங்கில் வேருசெனக, எல்லாம் அராக்கிஸ் ஹைபோஜியா. பெயர்கள் அடுக்கிக்கொண்டே போகலாம், தப்பு வராது. ஆனால் வெறும் 'கடலை' என்று எழுதிவிட்டால் கொண்டைக்கடலை உள்ளே நுழைந்துவிடும். அடைமொழியோடு எழுதுங்கள்.

பூசணியிலும் இதே கூத்து. சென்னைப் பக்கம் பூசணி என்றால் வெள்ளைப் பூசணி, அதாவது பெனின்காசா ஹிஸ்பிடா. மஞ்சளாக இருப்பது பரங்கி. கொங்குப் பக்கம் மஞ்சள் காய்க்கு அரசாணி என்று பெயர். தெற்கே போனால் வெள்ளைப் பூசணி தடியங்காய், ஈழத்தில் நீற்றுப்பூசணி. 'பூசணி' என்று மட்டும் எழுதி ஊர் குறிக்காமல் விட்ட ஒரு குறிப்பை வைத்து, சொன்னவர் எந்தக் காயைச் சொன்னார் என்று பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் வட்டாரப் பெயர் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மாவட்டத்தையோ ஊரையோ எழுதிவையுங்கள். தொகுப்பாளர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிற தகவல் இதுதான். பிறகு தேடினாலும் கிடைக்காது.

மொழிபெயர்ப்பால் வருகிற குழப்பம் இன்னொரு வகை. கருஞ்சீரகத்தைப் பாருங்கள். தமிழில் அது நைஜெல்லா சடைவா. கறுப்பாக, முக்கோணமாக, மூக்கில் வைத்தால் லேசாக வெங்காய வாடை அடிக்கிற விதை. இந்தியில் இதற்குக் கலௌஞ்சி என்று பெயர். இந்தியில் காலா ஜீரா என்றால், அதாவது சொல்லுக்குச் சொல் கறுப்புச் சீரகம், அது வேறு: சீரகத்தின் குடும்பத்தைச் சேர்ந்த, காஷ்மீர்ப் பக்கம் விளைகிற, மெலிந்து வளைந்த பழுப்பு நிற மணி. பூனியம் பெர்சிகம் என்று இருந்து இப்போது எல்வெண்டியா பெர்சிகா. ஷாஹி ஜீரா என்று பிரியாணிக்காரர்கள் கேட்பதும் இதைத்தான். ஆங்கிலத்தில் இரண்டையும் பிளாக் குமின் என்று போடுகிறார்கள். இந்திக் குறிப்பை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கியவர் கருஞ்சீரகம் என்று எழுத, பிரியாணியில் வெங்காய விதை வாடை அடிக்கிறது.

மணத்தக்காளிக்கு நேர்ந்தது இன்னும் வேடிக்கை. ஆங்கிலத்தில் அதை பிளாக் நைட்ஷேட் என்கிறார்கள். அந்தச் சொல்லை வைத்து இணையத்தில் தேடுகிறவருக்கு டெட்லி நைட்ஷேட் என்ற அட்ரோப்பா பெல்லடோனாவின் எச்சரிக்கைகளும் கலந்து வந்து விழும். உடனே 'நாம் சாப்பிடுகிற கீரை விஷமாமே' என்று குடும்பக் குழுவில் ஒரு செய்தி. இரண்டும் கத்தரிக் குடும்பம்தான், ஆனால் பேரினமே, அதாவது தாவரவியல் பெயரின் முதல் சொல்லே, வேறு. மணத்தக்காளி சோலானம் பேரினத்தில் இருக்கிறது. நம் புத்தகங்களில் சோலானம் நைக்ரம் என்று எழுதுகிற செடிகளில் நிறைய சோலானம் அமெரிக்கானம் என்பது வகைப்பாட்டாளர்கள் சொல்வது. பச்சைக் காயைத் தவிர்ப்பது நல்லதுதான், அது தனி விஷயம். ஆங்கிலப் பெயர்தான் அறிவியலுக்கு நெருக்கமானது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆங்கிலப் பெயரும் ஒரு வட்டாரப் பெயர்தான். நெல்லிக்காய் இந்தியன் கூஸ்பெரி, அரைநெல்லி ஸ்டார் கூஸ்பெரி, தக்காளிக் குடும்பத்து ஃபைசாலிஸ் ஒன்று கேப் கூஸ்பெரி. இதில் ஒன்றுக்கும் ஐரோப்பாவின் உண்மையான கூஸ்பெரியோடு உறவில்லை.

இந்திப் பெயரையும் ஊர் கேட்காமல் எழுதாதீர்கள். நமக்கும் தெலுங்கர்களுக்கும் மராத்தியர்களுக்கும் சீத்தாப்பழம் என்றால் அன்னோனா ஸ்குவாமோசா. தில்லிச் சந்தையில் சீத்தாஃபல் கேட்டால் மஞ்சள் பூசணியை வெட்டித் தருவார்கள். நம் பழத்துக்கு அங்கே ஷரீஃபா. யாழ்ப்பாணத்தில் அதே பழம் அன்னமுன்னா. இவ்வளவு பெயர் வாங்கிய மரம் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது என்பது வேறு கதை.

சமஸ்கிருதப் பெயரை நடுவில் வைத்து இந்திய மொழிகளை இணைத்துவிடலாம் என்று ஒரு யோசனை எல்லாருக்கும் வரும். வேண்டாம். இந்த வழியில் போனவர்கள் நிறைய. பிரம்மி என்று கேரள வைத்தியர் சொல்வது பகோபா மொன்னியெரி, நமக்கு நீர்ப்பிரமி. வடக்கே பல இடங்களில் பிரம்மி என்றால் சென்டெல்லா ஏசியாட்டிகா, நம் வல்லாரை. சங்கபுஷ்பி கேரளத்தில் நீலச் சங்குப்பூ, கிளிட்டோரியா டெர்னாட்டியா. வடக்கே அது கன்வால்வுலஸ் பேரினத்துச் செடி. சிலருக்கு எவால்வுலஸ், நம் விஷ்ணுகிராந்தி. ராஸ்னா என்றால் தெற்கே அரத்தை, வடக்கே புளூச்சியா லான்சியோலாட்டா. நூலில் உள்ள பெயர் ஒன்றேதான். அந்தந்த ஊரில் கிடைக்கிற, அந்தக் குணம் உண்டு என்று நம்பப்பட்ட செடிக்கு அது போய் ஒட்டிக்கொண்டது. யார் சரி என்று தீர்ப்புச் சொல்வது அட்டவணை தொகுப்பவரின் வேலை இல்லை. எந்த மரபில் எந்தச் செடி என்று குறித்துவைத்தால் போதும்.

அசோகத்தையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூட மதிலோரம் ஊசிமாதிரி உயர்ந்து நிற்கிற மரத்தை அசோகமரம் என்கிறோம். அது நெட்டிலிங்கம், பாலியால்தியா லாங்கிஃபோலியா என்று இருந்து இப்போது மோனூன் லாங்கிஃபோலியம். மருந்துக்கான அசோகம், பழந்தமிழில் செயலை, சராக்கா அசோகா. ஆரஞ்சும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். நெட்டிலிங்கப் பட்டை அசோகப் பட்டையாக விற்கப்படுவது மருந்துச்சரக்கு ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கிற கலப்படம்.

பெயர்க் குழப்பம் உயிரோடு விளையாடியதற்குச் சாட்சி பெல்ஜியத்தில் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் ஒரு மருத்துவ மனையில் உடல் மெலிவதற்காக மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் வேகமாகச் செயலிழந்தது. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் நூறு பேர். மாத்திரையில் ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா என்ற சீன மூலிகை இருப்பதாக எழுதியிருந்தது. சீன மொழியில் அதற்கு ஃபாங் ஜி. ஆனால் உள்ளே போனது குவாங் ஃபாங் ஜி, அதாவது அரிஸ்டோலோக்கியா ஃபாங்ச்சி. அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுத்தது. பிறகு பலருக்குச் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது. சரக்குப் பெயரில் ஒரே ஒரு அசைதான் வித்தியாசம்.

நாம் ஏன் அதைக் கவனிக்க வேண்டும் என்றால், அதே அரிஸ்டோலோக்கியா பேரினத்தில்தான் நம் ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் இருக்கின்றன. தமிழ்ப் பெயரை மட்டும் பார்த்தால் இவை சீனச் செடிக்கு உறவு என்று யாருக்குத் தெரியும்? பேரினப் பெயர் அந்த உறவைச் சொல்லிவிடுகிறது. கூடவே இன்னொன்று: ஆடுதின்னாப்பாளையையும், இருமலுக்குக் கொடுக்கிற ஆடாதொடையையும் பெயரின் சாயலை வைத்து ஒன்று என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆடு தொடாது என்ற செய்தியைத்தான் இரண்டு பெயருமே சொல்கின்றன. செடிகளுக்குள் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆடாதொடை ஜஸ்டிசியா அடதோடா.

சரி, தாவரவியல் பெயருக்கு வருவோம். இரண்டு சொல்: முதலாவது பேரினம், இரண்டாவது அந்தப் பேரினத்துக்குள் இனத்தைக் காட்டும் அடைமொழி. பின்னால் பெயர் வைத்தவரின் சுருக்கம் வரும். வன்னி மரத்தை ப்ரோசோபிஸ் சினரேரியா (எல்.) ட்ரூஸ் என்று எழுதுவார்கள். 'எல்.' என்றால் சுவீடன் நாட்டு லின்னேயஸ். அவர் இந்த மரத்தை முதலில் மிமோசா பேரினத்தில் வைத்தார். பிறகு ட்ரூஸ் என்பவர் அதைத் தூக்கி ப்ரோசோபிஸில் வைத்ததால் முன்னவர் அடைப்புக்குள் போனார். இந்தச் சுருக்கத்தை அலங்காரம் என்று விட்டுவிடாதீர்கள். ஒரே இரட்டைப்பெயரை வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு செடிக்கு வைத்த வழக்குகள் உண்டு. அங்கே இந்தச் சுருக்கம்தான் பிரித்துக் காட்டும்.

லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட தாவர இனங்களின் தொகுப்புத்தான் கணக்கின் தொடக்கம். அதற்கு முன்னால் வைத்த பெயருக்குச் சட்ட மதிப்பு இல்லை. அதன்பிறகு யார் முதலில் முறைப்படி வைத்தாரோ அவர் வைத்த அடைமொழிக்கு முன்னுரிமை. இந்தப் பெயரிடும் சட்டத்தைத் திருத்துவது ஆறு வருடத்துக்கு ஒருமுறை கூடுகிற பன்னாட்டுத் தாவரவியல் மாநாடு. 2012 ஜனவரி முதல் புதிய செடியின் விவரிப்பை லத்தீனில்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது, ஆங்கிலமும் செல்லும். 2024-இல் மாட்ரிட்டில், ஆப்பிரிக்கக் கறுப்பின மக்களை இழிவாகக் குறித்த சொல்லிலிருந்து வந்த 'காஃப்ரா' என்ற அடைமொழியை 'அஃப்ரா' என்று திருத்த முடிவெடுத்தார்கள். நம் கல்யாண முருங்கையின் பேரினத்திலேயே ஒரு எரித்ரைனா காஃப்ரா இருந்தது, இப்போது எரித்ரைனா அஃப்ரா.

பெயர் மாறுவதற்கு முக்கியக் காரணம் உறவைப் பற்றிய புரிதல் மாறுவது. முன்பு பூவையும் காயையும் பார்த்துப் பேரினம் பிரித்தார்கள். இப்போது மரபணுவையும் பார்க்கிறார்கள். சீமைக் கருவேலம் வெகுகாலம் ப்ரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா. 2022-இல் அந்தப் பேரினத்தைப் பிரித்தபோது அது நெல்ட்டூமா ஜூலிஃப்ளோரா ஆயிற்று. வன்னி மட்டும் பழைய ப்ரோசோபிஸிலேயே நின்றது. ஆவாரை காசியாவிலிருந்து சென்னாவுக்குப் போனது. கொன்றை காசியாவிலேயே இருக்கிறது.

கருவேலத்தின் கதையில் அரசியலும் உண்டு. அக்கேசியா என்ற சொல்லே எகிப்து நாட்டு முள்மரத்துக்குக் கிரேக்கர் வைத்த பெயரிலிருந்து வந்தது. அந்த மரம்தான் நம் கருவேலம், அக்கேசியா நிலோட்டிகா. பேரினம் மிகப் பெரியது, உடைக்க வேண்டியிருந்தது. விதிப்படி கருவேலம் இருக்கிற துண்டுக்குத்தான் பழைய பெயர் போக வேண்டும். ஆனால் ஆஸ்திரேலியாவில் ஆயிரத்துக்குப் பக்கமான இனங்கள் அந்தப் பெயரில் இருந்தன. அத்தனையையும் மாற்றுவதைவிட அவர்களுக்கே பெயரை விட்டுவிடலாம் என்று 2005-இல் வியன்னா மாநாட்டில் முடிவானது. வாக்கெடுப்பில் எதிர்த்தவர்களே அதிகம். ஆனால் அப்படிச் செய்யலாம் என்ற குழுவின் பரிந்துரையைத் தள்ளுபடி செய்ய 60 விழுக்காடு தேவைப்பட்டது, அது கிடைக்கவில்லை. கருவேலம் வச்செல்லியா நிலோட்டிகா ஆயிற்று. கருங்காலி செனகாலியாவுக்குப் போயிற்று. ஆப்பிரிக்கத் தாவரவியலாளர்களுக்கு இதில் இன்னும் மனத்தாங்கல் உண்டு. எனக்கும் அவர்கள் பக்கம்தான் நியாயம் என்று படுகிறது.

இடம் மாறிப் போய்த் திரும்பி வந்த பெயரும் உண்டு. சளிக்கு அடை சுட்டுச் சாப்பிடுகிற முசுமுசுக்கையை லின்னேயஸ் 1753-இல் வெள்ளரிப் பேரினத்தில் வைத்து, குகுமிஸ் மதராஸ்பதானஸ் என்றார். மதராசப்பட்டணத்துச் செடி என்று பொருள். பிறகு வந்தவர்கள் மெலோத்ரியா என்றார்கள், மூகியா என்றார்கள். தமிழ் மூலிகை நூல்களில் இன்றும் மூகியா மதராஸ்பதானா என்றுதான் இருக்கும். மரபணுவைப் பார்த்தால் அது வெள்ளரிக்குள்தான் வருகிறது என்று தெரிந்து, இந்த நூற்றாண்டில் குகுமிஸுக்கே திருப்பிவிட்டார்கள்.

வெட்டிவேருக்கு எதிர்ப்பக்கம். வெட்டிவேரியா ஜிசானியாய்டிஸ் என்று தமிழ்ச் சொல்லே பேரினப் பெயராக இருந்தது. அந்தப் பேரினம் கிரைசோபோகனுக்குள் கரைந்ததும் தமிழ் போய்விட்டது. இன்று கிரைசோபோகன் ஜிசானியாய்டிஸ். வாசனைத்திரவிய வியாபாரத்தில் மட்டும் வெட்டிவேர் உலகம் முழுக்க வெட்டிவேராகவே இருக்கிறது. நித்தியகல்யாணி வின்கா ரோசியாவிலிருந்து கதராந்தஸ் ரோசியஸுக்கு மாறியும், அதிலிருந்து எடுக்கிற புற்றுநோய் மருந்துகள் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்று பழைய பெயரையே தூக்கிக்கொண்டு திரிவது போலத்தான் இதுவும்.

ஆகவே பழைய பெயரைக் கண்டால் தவறு என்று அடிக்க வேண்டாம். அது இணைப்பெயர். தனிக் கட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அட்டவணையைத் தேடி வருகிறவர்களில் பாதிப்பேர் பழைய புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருவார்கள். எது இப்போது ஏற்கப்பட்ட பெயர் என்பதற்கு லண்டன் கியூ தோட்டத்தின் 'பிளான்ட்ஸ் ஆஃப் த வேர்ல்ட் ஆன்லைன்' தளத்தைப் பாருங்கள். எதையாவது ஒன்றைப் பின்பற்றுகிறோம் என்று முடிவு செய்து, பார்த்த வருடத்தையும் எழுதிவிடுங்கள். இரண்டு தளத்தைக் கலந்தால் நிம்மதி போய்விடும். இந்திய மருந்துச் செடிகளின் பல மொழிப் பெயர்களுக்குப் பெங்களூரின் எஃப்.ஆர்.எல்.எச்.டி. நிறுவனம் தொகுத்த பட்டியல் நல்ல தொடக்கம்.

இணைப்பெயர் ஒன்று; தவறாக ஒட்டப்பட்ட பெயர் வேறு. இதைப் பிரிக்காவிட்டால் அட்டவணை நாறிவிடும். கீழாநெல்லியை எடுங்கள். எத்தனையோ தமிழ் நூல்களில், மருந்துப் பெட்டிகளில், ஃபில்லாந்தஸ் நிரூரி என்று இருக்கும். அந்தப் பெயர் அமெரிக்கக் கண்டத்துச் செடி ஒன்றுக்கு உரியது. நம் ஊரில் கீழாநெல்லி என்று பிடுங்குவதில் பெரும்பகுதி ஃபில்லாந்தஸ் அமாரஸ். அதோடு ஃபில்லாந்தஸ் ஃப்ரேட்டர்னஸ், ஃபில்லாந்தஸ் டெபிலிஸ் ஆகியவையும் கலந்து வரும். செடியைத் திருப்பி, இலைக்கு அடியில் வரிசையாகத் தொங்குகிற கடுகளவு காயின் காம்புப் பக்கம் ஒரு கைக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். காயோடு ஒட்டிநிற்கிற பூவிதழ்கள் ஐந்து என்றால் அமாரஸ். ஆறு என்றால் மற்ற இரண்டில் ஒன்று. தண்டு சிவந்து, காய் காம்பே இல்லாததுபோல் ஒட்டிக்கொண்டு, மேல்தோல் சொரசொரப்பாக இருந்தால் அது ஃபில்லாந்தஸ் யூரினேரியா, சிவப்புக் கீழாநெல்லி. இந்த நான்கையும் ஒரு கிழவி ஒரே கைப்பிடியில் பிடுங்கிவிடுவார். அவர் அறியாமையில் செய்யவில்லை. அவருக்கு அது ஒரே மருந்து. உங்கள் அட்டவணையில் மட்டும் 'கீழாநெல்லி' என்ற பெயர் மூன்று நான்கு வரிசைகளில் வரட்டும். 'நிரூரி' என்பதை இணைப்பெயர்க் கட்டத்தில் போடாமல், 'இந்திய நூல்களில் தவறாக வழங்கியது' என்று தனியாகக் குறியுங்கள்.

அடைமொழியைப் பார்த்து ஊரை முடிவு செய்யாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். புளிக்கு டமரிண்டஸ் இண்டிகா என்று பெயர். பேரினப் பெயர் அரபியின் 'தமர் ஹிந்தி', இந்தியப் பேரீச்சை, என்பதிலிருந்து வந்தது. பெயரில் இரண்டு தடவை இந்தியா இருந்தும் மரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. பொருள் தவறு என்பதற்காகப் பெயரை மாற்ற விதி இடம் கொடுக்காது.

நம் சொற்கள் லத்தீனுக்குள் போன வழி பெரும்பாலும் மலபார்க் கரை. கொச்சியில் டச்சுக் கம்பெனியின் அதிகாரியாக இருந்த வான் ரீடு, சேர்த்தலைப் பக்கத்து ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன், கொங்கணி வைத்தியர்கள் ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் ஆகியோரின் உதவியோடு 742 செடிகளைப் படமும் பெயருமாகத் தொகுத்தார். 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. அதில் உள்ளூர்ப் பெயரே தலைப்பு. பின்னால் வந்த ஐரோப்பியத் தாவரவியலாளர்கள் அதிலிருந்து எடுத்தாண்டார்கள். முருங்கைக்கு மோரிங்கா, பசலைக்கு பசெல்லா, ஏலத்துக்கு எலட்டேரியா. அறிந்தவர் சொன்ன பெயர் அறியாதவரின் புத்தகத்தில் நிலைத்த அபூர்வமான இடம் அது. ஓவியர்களுக்கு அந்த மரியாதை அரிது. சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த ராபர்ட் வைட் மட்டும், தனக்கு ஏராளமாகப் படம் வரைந்த கோவிந்துவின் பெயரில் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்தூயா என்று வைத்தார். அந்தப் பேரினம் பிறகு ட்ரோபீடியாவுக்குள் போய்விட்டது, பாவம்.

அட்டவணைக்குத் திரும்பினால், தமிழ்ப் பெயர்க் கட்டத்தை இன்னொரு வகையிலும் பிரிக்க வேண்டியிருக்கும். செடியின் பெயர், பூவின் பெயர், சரக்கின் பெயர் மூன்றும் சில இடங்களில் வேறு. குளோரியோசா சுபர்பாவைப் பாருங்கள். இலக்கியத்திலும் அரசு அறிவிப்பிலும் செங்காந்தள். ஈழத்தில் பூக்கிற மாதத்தை வைத்துக் கார்த்திகைப்பூ. வைத்தியருக்குக் கிழங்கின் வடிவை வைத்துக் கலப்பைக்கிழங்கு. மூலனூர், தாராபுரம் பக்கம் விதைக்காகப் பயிரிடுகிற விவசாயிக்குக் கண்வலிக்கிழங்கு. சிங்களத்தில் நியங்கலா. அத்தனையையும் ஒரே கட்டத்தில் காற்புள்ளி போட்டு அடைத்தால் தகவல் செத்துவிடும். கடும் நச்சுக் கிழங்கு என்பதால் இங்கே குழப்பத்துக்கு இடமே கொடுக்கக் கூடாது.

எழுத்துக்கூட்டல் பற்றி ஒரு வரி. தாவரவியல் பெயரைத் தமிழில் ஒலிபெயர்த்து எழுதுவது படிப்பதற்கு வசதி. ஆனால் ஜஸ்டிசியா, ஜஸ்டீஷியா, யுஸ்டிகியா என்று மூன்று விதமாக எழுதலாம்; தேடலில் ஒன்றும் அகப்படாது. மூல வடிவம் ரோமன் எழுத்தில் தனிக் கட்டத்தில் இருக்கட்டும்.

கடைசியாக, இவ்வளவுக்கும் அடியில் ஒரு கேள்வி இருக்கிறது: உங்கள் கையில் இருக்கிற செடி எது என்பது முதலில் சரியாகத் தெரிந்ததா? கைப்பேசிச் செயலி சொன்ன பெயரைத் தொடக்கக் குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் பூவும் காயும் உள்ள கிளையாக ஒடித்து, செய்தித்தாள் மடிப்பில் விரித்து, பாரம் வைத்து, தாளைத் தினமும் மாற்றிக் காயவையுங்கள். காய்ந்தால் நிறம் போய்விடும். பூவின் நிறத்தை அன்றைக்கே எழுதுங்கள். மரமா கொடியா, எவ்வளவு உயரம், எந்த இடம், என்ன தேதி, உள்ளூரில் என்ன பெயர், அதைச் சொன்னவர் யார் மாதிரி ஆள், மேய்ப்பவரா வைத்தியரா கடைக்காரரா, எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் உலர்தாவரத் தொகுப்பும், திருச்சி தூய வளனார் கல்லூரியில் ரபினாட் தொகுப்பும் இருக்கின்றன. அங்கே உள்ள மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க முன்கூட்டியே கடிதம் எழுதிக் கேளுங்கள். காய்ந்த மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு போனால் பேச்சு சீக்கிரம் முடியும்; படத்தை மட்டும் காட்டினால் அவர்கள் முதலில் கேட்பது, 'பூ இருக்கா?'